ஸ்கிரீன் பிரிண்ட் கண்காட்சி: சுவரில் இருக்கும் தாளை எப்படிப் பார்ப்பது?

ஸ்கேட்போர்டு, ஸ்டிக்கர், இசைக்குழு போஸ்டர், டி-ஷர்ட், கடைப் பலகை என்று தெருவில் புழங்கும் வடிவங்களிலிருந்து பிறந்த ஸ்கிரீன் பிரிண்ட்டுகள் இன்று பெரிய காட்சிக்கூடங்களில் சட்டம் போட்டுத் தொங்குகின்றன. முதல் தடவை பார்க்கப் போகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள்: "அச்சடிச்ச தாள்தானே இது? அப்ப ஒரிஜினல் எங்கே இருக்கு?"

நியாயமான கேள்விதான். இந்த வகைப் படைப்புக்கு ஒரிஜினல் என்று தனியாக ஒன்று கிடையாது. கலைஞர் தன் படத்தை நிறம் நிறமாகப் பிரித்து, ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு கறுப்புப் பிலிம் (அந்த நிறம் விழும் இடம் மட்டும் கறுப்பாக இருக்கும் கண்ணாடித் தாள்) தயார் செய்கிறார். அந்தப் பிலிமில் ஒன்றை மட்டும் எடுத்துப் பார்த்தால் படம் பாதிதான் புரியும். நிறங்கள் தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக விழும்போதுதான் படைப்பு முதன்முதலாக உருவாகிறது. ஐம்பது தாள் அடித்தால் ஐம்பதும் ஒரிஜினல். அதனால் இதை ரசிக்க வேண்டுமென்றால் தாள் எப்படி அடிக்கப்பட்டது என்று தெரிந்திருப்பது பாதி வேலை. ஸ்கிரீன் பிரிண்ட்டின் தோற்றத்தில் முக்கால்வாசி அந்த முறையிலிருந்துதான் வருகிறது.

திரைக்குள் என்ன நடக்கிறது

துளை போட்ட கோலத்தட்டில் மாவைப் போட்டுத் தேய்த்தால் துளை இருக்கும் இடத்தில் மட்டும் மாவு விழும். இதுவும் அதே தத்துவம்தான். ஆனால் வெறும் தகட்டை வெட்டிச் செய்யும் ஸ்டென்சிலுக்கு ஒரு குறை உண்டு: பூஜ்யத்தை வெட்டினால் நடுவில் இருக்கும் முட்டை வடிவமும் கழன்று விழுந்துவிடும். அதைப் பிடித்து வைக்க அங்கங்கே பாலம் விட வேண்டும். ஸ்பிரே பெயின்ட் ஸ்டென்சில் எழுத்துகளில் வெட்டு வெட்டாகத் தெரிவது அந்தப் பாலங்கள்தான். சட்டத்தில் இழுத்துக் கட்டிய மெல்லிய வலைத்துணியில் (இதுதான் ஸ்கிரீன்) ஸ்டென்சிலை ஒட்டிவிட்டால் இந்தத் தொல்லை இல்லை. நடுத்துண்டு வலையிலேயே ஒட்டி நிற்கும், மை வலையின் கண் வழியாக இறங்கும். 1907-ல் மான்செஸ்டரைச் சேர்ந்த சாமுவேல் சைமன் பட்டுத்துணியை வைத்து இந்த முறைக்குக் காப்புரிமை வாங்கினார். இப்போது பட்டு போய் பாலியெஸ்டர் வந்துவிட்டது.

வலையின் நெருக்கம் முக்கியம். ஒரு சென்டிமீட்டருக்கு எத்தனை இழை என்று கணக்கு. டி-ஷர்ட்டுக்கு 43 இழை போதும், மை நிறைய இறங்க வேண்டும். கலைத்தாளுக்கு 77 முதல் 120 வரை. புதிதாகத் தொடங்குகிறவர் 90 வாங்கினால் பெரும்பாலான வேலைக்குப் பொருந்தும். சட்டத்தின் உள்ளளவு படத்தைவிட எல்லாப் பக்கமும் குறைந்தது 10 சென்டிமீட்டர் பெரிதாக இருக்க வேண்டும். மை நிற்கவும் மையை இழுக்கும் ரப்பர் பட்டை திரும்பவும் அந்த இடம் தேவை.

வலையின் மேல் எமல்ஷன் என்ற ஒளியுணர் பசையை மெல்லியதாகப் பூசி, இருட்டில் படுக்க வைத்துக் காய விடுவார்கள். அதன்மேல் கறுப்புப் பிலிமை வைத்து புறஊதா விளக்கில் காட்டினால், வெளிச்சம் பட்ட எமல்ஷன் இறுகிவிடும். கறுப்பு மறைத்த இடம் இளகியே இருக்கும். தண்ணீர் பீய்ச்சினால் அந்த இடம் மட்டும் கரைந்து திறந்துகொள்ளும். விளக்கில் எவ்வளவு நேரம் என்பதற்குப் பொது விடை கிடையாது. விளக்கு, தூரம், எமல்ஷன், வலை நான்கையும் பொறுத்து மாறும். ஒரு சோதனை ஸ்கிரீனை நிமிடத்துக்கு ஒரு பட்டையாக அட்டையால் மறைத்துக்கொண்டே போய்க் கண்டுபிடிப்பதுதான் வழி. நேரம் குறைந்தால் கழுவும்போது உள்பக்கம் வழவழவென்று கரைந்து, படத்தின் ஓரமும் சேர்ந்து போகும். நேரம் கூடினால் மெல்லிய கோடுகள் எவ்வளவு தேய்த்தாலும் திறக்காது.

பிறகு அச்சு. ஸ்கிரீன் தாளில் படியக் கூடாது. 2 முதல் 3 மில்லிமீட்டர் மேலே நிற்க வேண்டும். முதலில் லேசாக ஒரு இழுப்பு. இது வலையின் கண்களில் மையை நிரப்ப மட்டும். அடுத்து ஸ்குவீஜி எனப்படும் ரப்பர் பட்டையை 70, 75 டிகிரி சாய்வில் பிடித்து ஒரே அழுத்தத்தில் இழுக்க வேண்டும். ரப்பர் அழுத்தும் அந்த ஒரு கோட்டில் மட்டும் வலை தாளைத் தொட்டு, ரப்பர் கடந்ததும் தானே எழும்பிவிடும். அந்த எழும்பல்தான் கூர்மையான ஓரத்தைத் தருகிறது. வலை தளர்ந்திருந்தாலோ இடைவெளி இல்லாமல் வைத்தாலோ தாள் வலையிலேயே ஒட்டிக்கொள்ளும், கோட்டுக்குப் பக்கத்தில் இன்னொரு மங்கிய கோடு விழும்.

ஏன் இந்தத் தட்டையான நிறம்?

ஒரு ஸ்கிரீன் ஒரு நிறத்தைத்தான் போடும். அதுவும் முழுசாகப் போடும் அல்லது போடாது. பாதி அழுத்தம், பாதி நிறம் என்று எதுவும் இல்லை. ஆகவே முகத்தில் விழும் நிழலைக் காட்ட வேண்டுமென்றால் இரண்டே வழி. ஒன்று, நிழலைப் படிப்படியாகப் பிரித்து ஒவ்வொரு படிக்கும் தனி நிறம் கொடுப்பது. இன்னொன்று, புள்ளியாகவோ கோடாகவோ உடைத்து, கண்ணைச் சாம்பல் நிறம் என்று நம்பவைப்பது. இதற்கு ஹாஃப்டோன் என்று பெயர்.

அமெரிக்கத் தெருக்கலைஞர் ஷெப்பர்ட் ஃபேரி 2008-ல் செய்த ஒபாமா போஸ்டர் இரண்டையும் ஒரே தாளில் காட்டுகிறது. சிவப்பு, வெளிர் நீலம், அடர் நீலம், கூடவே வெளிர் மஞ்சள் பழுப்பு. இவ்வளவுதான் நிறம். முகம் நிழல் வாரியாகத் துண்டு துண்டாக வெட்டப்பட்டிருக்கிறது. நடுநிழலில் வெளிர் நீலத்தைப் பட்டைக் கோடுகளாக உடைத்திருப்பதால் புது நிறம் சேர்க்காமலே இன்னொரு படி கிடைத்துவிட்டது. சுவரொட்டிக்கு இது சரியான கணக்கு: இருபது அடி தூரத்தில் முகம் தெரியும், பக்கத்தில் வந்தால் கோடு தெரியும். மூலம் மேனி கார்சியா 2006-ல் அசோசியேட்டட் பிரஸ்ஸுக்காக எடுத்த செய்திப்படம். அதைக் கேட்காமல் எடுத்ததால் நீதிமன்றம் வரை போய்ப் பின்னர் சமரசம் ஆனது. தெருக்கலையில் அடுத்தவர் படத்தை எடுத்தாளும் பழக்கத்துக்கு இன்னொரு பக்கமும் உண்டு என்பதை இந்த போஸ்டரைப் பார்க்கிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும்.

புள்ளியின் அளவுக்கும் வலைக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. அங்குலத்துக்கு எத்தனை இழையோ அதை ஐந்தால் வகுத்தால் வருவதுதான் அங்குலத்துக்கு வைக்கக்கூடிய புள்ளி வரிசை. சென்டிமீட்டருக்கு 90 என்றால் அங்குலத்துக்கு சுமார் 230 இழை, புள்ளி வரிசை 45. அதற்கு மேல் நெருக்கினால் சின்னப் புள்ளிகளைத் தாங்க இழை இருக்காது, கழுவும்போதே போய்விடும். புள்ளி வரிசையை இழையோடு ஒரே கோணத்தில் வைத்தால் தாளில் அலை அலையாகக் கட்டம் தெரியும். 22.5 டிகிரி சாய்த்தால் பெரும்பாலும் தப்பிக்கலாம். கண்காட்சியில் புள்ளி பெரிதாகத் தெரியும் படத்தைப் பார்த்து "தரம் குறைவு" என்று நினைக்க வேண்டாம். கை நீட்டும் தூரத்தில் தெரியட்டும் என்றே பலர் புள்ளியைப் பெரிதாக்குகிறார்கள்.

நிறத்தின்மேல் நிறம்

45க்கு 60 சென்டிமீட்டர் அளவில் மஞ்சள், சிவப்பு, கருநீலம் என்று மூன்று நிறப் போஸ்டர் ஒன்று என்று வைத்துக்கொள்வோம். 50 பிரதி வேண்டுமென்றால் 60 தாளாவது எடுத்துத் தொடங்க வேண்டும். ஒவ்வொரு நிறத்திலும் சில தாள் கெடும், கெட்டதற்கு மாற்றாக நடுவில் புதுத் தாளைச் சேர்க்க முடியாது, ஏனென்றால் முந்தைய நிறத்தின் ஸ்கிரீன் வேலை முடிந்திருக்கும். தாள் 250 முதல் 300 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் கிராம் எடை), முடிந்தால் பருத்தித் தாள். மெல்லிய தாளில் தண்ணீர் மை அடித்தால் நெளிந்து, அடுத்த நிறம் உட்காராது.

வெளிர் நிறம் முதலில், அடர் நிறம் கடைசியில். மஞ்சளைப் படத்தின் ஓரத்தைவிட அரை மில்லிமீட்டர் வெளியே தள்ளி அடித்து, அந்தக் கூடுதலைக் கருநீலம் மறைக்கும்படி பிலிமைத் தயாரிப்பார்கள். இரண்டு நிறமும் சரியாக விளிம்போடு விளிம்பு முட்டும்படி வைத்தால் முடியிழை அளவு நகர்ந்தாலும் வெள்ளைக் கீறல் தெரிந்துவிடும். மையில் நிறமற்ற ஊடகம் சேர்த்துக் கண்ணாடித் தன்மையாக்கினால், சிவப்பு மஞ்சளின்மேல் விழும் இடத்தில் ஆரஞ்சு கிடைக்கும். மூன்று ஸ்கிரீனில் ஐந்தாறு நிறம். கண்காட்சியில் ஒரு படத்தைப் பார்த்ததும் எத்தனை ஸ்கிரீன் என்று எண்ணிப் பாருங்கள். எது நேராக அடித்த நிறம், எது இரண்டு சேர்ந்து வந்த நிறம் என்று பிரிக்கத் தெரிந்துவிட்டால் கலைஞர் எங்கே யோசித்திருக்கிறார் என்பது தானாகவே தெரியும்.

ஒவ்வொரு தாளும் ஒரே இடத்தில் உட்கார மேசையில் மூன்று தடுப்பு ஒட்டுவார்கள்: நீளப் பக்கத்தில் இரண்டு, அகலப் பக்கத்தில் ஒன்று. எப்போதும் தாளின் அதே மூலையைத்தான் அதில் முட்ட வைக்க வேண்டும்.

எதெல்லாம் கெடும்

நிறம் விலகுவதுதான் அதிகம் நடப்பது. தடுப்பு நகர்ந்திருக்கலாம், சட்டத்தின் கீல் ஆடியிருக்கலாம். இரண்டும் சரியாக இருந்து ஒரு பக்கம் மட்டும் விலகினால் தாள் மீதுதான் சந்தேகப்பட வேண்டும். காற்றில் ஈரம் ஏறினால் தாள் ஒரு திசையில் விரியும். காலையில் மஞ்சள் அடித்து, மழைக்குப் பின் மாலையில் சிவப்பு அடித்தால் பொருந்தாது. வாங்கிய கட்டைப் பிரித்து ஒரு நாள் அச்சறையிலேயே பரப்பி வைப்பதும், எல்லா நிறத்தையும் ஒரே மாதிரி ஈரத்தில் அடிப்பதும்தான் மருந்து.

அடுத்தது மை வலையிலேயே காய்வது. தண்ணீர் மையில் இது பெரிய தலைவலி. நாலு தாள் நன்றாக வரும், போன் பேசிவிட்டு வந்து ஐந்தாவதை இழுத்தால் மெல்லிய கோடுகள் காணாமல் போயிருக்கும். ஒவ்வொரு இழுப்புக்குப் பிறகும் உடனே மையை நிரப்பிவிட வேண்டும். திறந்த கண் காற்றில் நிற்கக் கூடாது. காய்வதைத் தள்ளிப்போடும் ரிட்டார்டரைக் கொஞ்சம் சேர்க்கலாம், ஆனால் டப்பாவில் போட்டிருக்கும் அளவைத் தாண்டினால் தாளில் மை காயாமல் ஒட்டும். மின்விசிறி நேராக ஸ்கிரீனில் படுவது எல்லாவற்றையும்விட மோசம்.

ஊசிமுனை அளவில் தேவையில்லாத புள்ளிகள் விழுந்தால் எமல்ஷனில் தூசி இருந்திருக்கிறது என்று அர்த்தம். அடிக்கும் முன் வெளிச்சத்துக்கு எதிராகப் பிடித்துப் பார்த்து, துளையை எமல்ஷனால் தொட்டு அடைத்து மறுபடி காட்டினால் போதும். விளிம்பு ரம்பப் பல் மாதிரி வந்தால் வலை கரடுமுரடு, அல்லது எமல்ஷன் பூச்சு போதவில்லை.

இந்தக் கோளாறுகளையெல்லாம் ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் அமெரிக்க ஓவியர் ஆண்டி வார்ஹோலின் மர்லின் டிப்டிக் (இரட்டைப் பலகை ஓவியம்) போதும். 1962 ஆகஸ்டில் நடிகை மர்லின் மன்றோ இறந்த சில வாரங்களில் வார்ஹோல் தொடங்கியது, இப்போது லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐம்பது முகம்: இடப்பக்கம் இருபத்தைந்து வண்ணத்தில், வலப்பக்கம் இருபத்தைந்து கறுப்பு வெள்ளையில். வண்ணத்தை முதலில் பூசிவிட்டு மேலே கறுப்பு ஸ்கிரீனை அடித்திருக்கிறார். அதனால்தான் உதட்டுச் சிவப்பும் கண்ணிமை நீலமும் கோட்டுக்கு வெளியே நிற்கின்றன. வலப்பக்கம் சில முகங்களில் மை மிஞ்சிக் கண்ணும் மூக்கும் கறுப்பில் மூழ்கிவிட்டன. ஓரத்துக்குப் போகப் போக மை வற்றி முகம் தேய்ந்துகொண்டே போகிறது. எந்த அச்சுக்கடையிலும் குப்பைக்குப் போகும் தாள்கள் இவை. வார்ஹோல் அவற்றை அப்படியே வைத்துக்கொண்டார். ஒரு நடிகையின் முகம் ஐம்பது தடவை அச்சாகி மங்கி மறைவதைக் காட்ட அவர் வேறு எதுவும் வரைய வேண்டியிருக்கவில்லை. ஸ்கிரீனே செய்துவிட்டது. கோளாறு தெரிந்தவருக்கு மட்டுமே இந்தப் படம் முழுசாகத் திறக்கும் என்பது எங்கள் உறுதியான எண்ணம்.

தெரு எப்படி உள்ளே வந்தது

இந்த முறை முதலில் கடைப் பலகைக்கும் விளம்பர அட்டைக்கும்தான் பயன்பட்டது. நம் ஊர் மஞ்சப்பையிலும் கல்யாணப் பத்திரிகையிலும் திருப்பூர் டி-ஷர்ட்டிலும் இருப்பது இன்றும் இதே தொழில்தான். 1930களின் கடைசியில் நியூயார்க்கில், பொருளாதார நெருக்கடிக் காலத்துக் கலைஞர்களுக்கு அரசு வேலை கொடுத்த திட்டத்தின் கீழ், ஆன்டனி வெலோனிஸ் என்பவர் இதை ஓவியர்களுக்குக் கற்றுக்கொடுத்தார். கண்காட்சி அட்டையில் "செரிகிராஃப்" என்று எழுதியிருந்தால் குழம்ப வேண்டாம், வணிக அச்சிலிருந்து பிரித்துக் காட்ட அப்போது வைத்த பெயர்தான் அது. லாஸ் ஏஞ்சலஸில் கன்னியாஸ்திரியாக இருந்த கொரிட்டா கென்ட், 1960களில் சூப்பர் மார்க்கெட் விளம்பர எழுத்துகளையும் ரொட்டிப் பொட்டல வட்டங்களையும் எடுத்துப் பிரார்த்தனையாகவும் போர் எதிர்ப்பாகவும் மாற்றி அடித்தார். கடைத்தெரு வடிவமைப்பிலிருந்து கலை செய்யும் இன்றைய போக்குக்கு அவரை விட்டுவிட்டு வரலாறு எழுத முடியாது.

ஆனால் முறைக்கும் தெருவுக்கும் உள்ள உறவு மிகத் தெளிவாகத் தெரிவது 1968 மே மாதப் பாரிஸில். மாணவர்கள் கலைக்கல்லூரியைக் கைப்பற்றி "மக்கள் பட்டறை" என்று பெயர் வைத்து போஸ்டர் அடிக்கத் தொடங்கினார்கள். கல் அச்சில் தொடங்கினார்கள். அது மெதுவாக நகர்ந்தது. கி த ரூஜ்மோன் என்ற ஓவியர் ஸ்கிரீன் முறையைக் காட்டிக்கொடுத்ததும் வேகம் மாறிவிட்டது. இயந்திரம் வேண்டாம், மரச்சட்டமும் ரப்பர் பட்டையும் போதும், ஒரு மணி நேரம் சொல்லிக்கொடுத்தால் யாரும் இழுக்கலாம். வாசகத்தையும் படத்தையும் கூட்டம் கூட்டி விவாதித்து முடிவு செய்து, இரவோடு இரவாக அடித்து, விடிவதற்குள் சுவரில் ஒட்டினார்கள். காய நேரம் இல்லாததால் பெரும்பாலும் ஒரே நிறம். மெல்லிய கோடு அடைத்துக்கொள்ளும் என்பதால் தடித்த கோடு. யார் வரைந்தது என்று கையெழுத்து இல்லை. ஜூன் 27 அன்று போலீஸ் உள்ளே புகுந்து காலி செய்யும்வரை வேலை நடந்தது. இந்தப் போஸ்டர்களின் இடம் தெருவும் தொழிற்சாலைச் சுவரும்தான், அழகுப் பொருளாக மாட்டக் கூடாது என்று அவர்கள் எழுத்திலேயே சொல்லியிருக்கிறார்கள். இன்று அவை அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. மாட்டியவர்கள் இந்த மறுப்பையும் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். எழுதாமல் விட்டால் அது அந்த மாணவர்களுக்குச் செய்யும் அநியாயம்.

ஸ்கேட்போர்டு தலைமுறை இதன் பிறகு வந்தது. ஃபேரி 1989-ல் பிராவிடன்ஸ் நகரில் வடிவமைப்புக் கல்லூரி மாணவராக ஒரு மல்யுத்த வீரரின் முகத்தை ஸ்டிக்கராக்கி ஒட்டத் தொடங்கினார். 2004-ல் சின்சினாட்டியிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் நடந்த "பியூட்டிஃபுல் லூசர்ஸ்" கண்காட்சி, ஸ்கேட்போர்டு, கிராஃபிட்டி, வடிவமைப்புப் பின்னணியில் வந்தவர்களை ஒன்றாக அருங்காட்சியகத்துக்குள் கொண்டுவந்தது. அவர்களில் ரையன் மெக்கினஸ் ஸ்கிரீனை வேறு மாதிரி கையாள்கிறார். சாலைக் குறியீடு, நிறுவன லோகோ மாதிரியான சின்னச் சின்னச் சித்திரங்களைத் தனித்தனி ஸ்கிரீனாக வைத்துக்கொண்டு, ஒரே பரப்பில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போகிறார். ஸ்கிரீன் அங்கே நகலெடுக்கும் கருவியாக இல்லை, தூரிகையாக இருக்கிறது. அதனால் ஒன்று மாதிரி இன்னொன்று வராது.

பென்சில் எண்ணும் பூதக்கண்ணாடியும்

தாளின் கீழ் ஓரத்தில் பென்சிலால் 23/50 என்று இருந்தால் ஐம்பதில் ஒன்று என்று பொருள். 1/50க்கும் 50/50க்கும் தரத்தில் வித்தியாசம் கிடையாது, பெரும்பாலும் காய்ந்த தாள்களைக் கட்டாக அடுக்கிய பிறகுதான் எண் போடுவார்கள். "ஏ.பி." (ஆர்ட்டிஸ்ட்ஸ் புரூஃப்) என்பது கலைஞர் தனக்கு வைத்துக்கொள்ளும் பிரதி. வழக்கமாக மொத்தத்தில் பத்தில் ஒரு பங்கு. பிரிட்டிஷ் தெருக்கலைஞர் பேங்க்ஸியின் பலூன் சிறுமி 150 கையெழுத்தோடும் 600 கையெழுத்தில்லாமலும் வந்தது. அடித்த ஸ்கிரீன் ஒன்றாக இருந்தாலும் சந்தையில் இரண்டுக்கும் விலை வேறு.

வாங்குகிற எண்ணம் இருந்தால் பத்து மடங்கு காட்டும் சின்ன லென்ஸ் ஒன்றைக் கொண்டுபோங்கள். ஒரு தட்டையான நிறப் பகுதியைப் பாருங்கள். நான்கு நிறப் புள்ளிகள் பூப்பூவாகச் சேர்ந்திருந்தால் அது ஆஃப்செட், அதாவது புத்தகம், பத்திரிகை அடிக்கும் இயந்திர அச்சு. தூவிய மாதிரி ஒழுங்கில்லாத நுண்புள்ளிகள் இருந்தால் இங்க்ஜெட், "ஜிக்ளே" என்று எழுதியிருந்தாலும் அதுதான். ஸ்கிரீன் பிரிண்ட் என்றால் ஒரே நிறம் புள்ளியின்றி முழுதாக நிற்கும். தாளைப் பக்கவாட்டு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மையின் விளிம்பு மெல்லிய மேடாகத் தெரியும், நிறங்கள் ஏறி நிற்கும் இடத்தில் பளபளப்பு மாறும். கைவிரலால் தடவ வேண்டாம். தட்டை நிறத்தில் விரல் கறை போகவே போகாது.

சட்டம் போடும்போது கண்ணாடி மையைத் தொடாமல் அட்டை வைத்து 3, 4 மில்லிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். தடித்த மை ஈரத்தில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டால் பிரிக்க முடியாது. செல்லோடேப் கூடவே கூடாது. அமிலமில்லாத அட்டையில் ஜப்பானியத் தாள் பட்டையை மாவுப்பசையால் ஒட்டி, மேலிருந்து தொங்கவிட வேண்டும். வெளிச்சம் 50 லக்ஸ் (வெளிச்சத்தை அளக்கும் அலகு) போதும். ஃபுளோரசன்ட் மை எல்லாவற்றுக்கும் முன்னால் வெளுக்கும், அதை ஜன்னலுக்கு எதிரே மாட்டாதீர்கள்.

காட்சிக்கூடத்தாரிடம் மூன்று கேள்வி கேட்கலாம்: எத்தனை ஸ்கிரீன், அடித்தது கலைஞரா அச்சுப் பட்டறையா, பதிப்பு முடிந்த பிறகு பிலிமை என்ன செய்தார்கள். வேலை முடிந்ததும் எமல்ஷனைக் கரைத்து ஸ்கிரீனை அடுத்த படத்துக்கு எடுத்துவிடுவது வழக்கம். ஆனால் பிலிம் இருந்தால் நாளைக்கே இன்னொரு ஸ்கிரீன் எழுப்பலாம். ஆகவே மூன்றாவது கேள்விக்கு வரும் பதிலைப் பில்லிலோ சான்றிதழிலோ எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.